காதுக்குத் தீண்டாமை இல்லை

கல்யாணச் சாவு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எண்பது, தொண்ணூறு வயது வரை இருந்து, பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் ரொம்ப நாள் கிடக்காமல் போனவரின் சாவு. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே எந்த ஊரில் அப்படி ஒரு சாவு விழுந்தாலும் பறை வந்துவிடும். தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். முதல் அடி விழுந்ததும் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கால் நிற்காது. கொஞ்ச நேரத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் பத்து ரூபாய்த் தாளை அடிக்கிறவரின் சட்டைப் பையில் திணித்து, “அடிடா, இன்னும் நல்லா அடி” என்பான். அடிக்கிறவருக்கு அவனுடைய அப்பா வயது இருக்கும்.

இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த ‘டா’வில் இருக்கிறது.

அவனுக்கு அந்த இசை பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேர்த்து விறுவிறுத்து ஆடுகிறான். உடம்பு பொய் சொல்லாது. ஆனால் அடி நின்றதும் அவன் ஊருக்குள் போவான், அவர் காலனிக்குப் போவார். இது நேற்று ஆரம்பித்த கதையும் இல்லை. தீண்டாமை மிகக் கடுமையாக இருந்த காலத்திலும் பறைச் சத்தம் தெருத் தெருவாகப் போய் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. தொட்டால் தீட்டு, கிணற்றில் வாளி விட்டால் தீட்டு, செருப்புப் போட்டு நடந்தால் குற்றம். சத்தத்துக்கு மட்டும் தீட்டு கிடையாது. காதுக்குத் தீண்டாமை இருந்ததே இல்லை.

அப்படியென்றால் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. ஓர் இசையை நேசிப்பது, அதை இசைக்கிறவரை மதிப்பது ஆகுமா? “இசைக்கு ஏதுங்க சாதி?” என்று நாம் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். இசைக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். பல நூறு வருஷங்களாக ஒரே தாளத்துக்கு ஆடிவந்த ஊரில் சாதி அப்படியே இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

*

2018 ஜனவரி 6ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. மொத்தம் 19 பேர். ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும். இன்னொரு பக்கம் பறை, சட்டி, கட்ட மோளம். நடுவில் கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும். எல்லாரும் கோட்டு சூட்டில். அம்பேத்கரின் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உடுப்பின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெயருக்கும் ஒரு வேர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஒடுக்கப்பட்டவர்கள் தங்களைச் ‘சாதிபேதமற்றவர்கள்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்றவர் அயோத்திதாசப் பண்டிதர். அந்தச் சொல்லைத்தான் ஒரு ராக் பேண்டின் பெயராக மாற்றினார்கள். இவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிய காலத்திலேயே, பறையும் தவிலும் அரசியல் மேடைக்கு வந்துவிட்டன. புதிதாக வந்தது கிதார். அதோடு சேர்ந்து வந்தது யூட்யூப். பெரம்பலூர் நான்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பையன் இயர்போனில் கேட்கிற இடத்துக்கு அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது.

இந்தக் குழுவின் பாடல்களில் ஒரு விசேஷம் உண்டு. ‘வட சென்னை’யும் ‘ஜெய்பீம் ஆந்தம்’ உம் கேட்டதும் கால் தாளம் போட ஆரம்பித்துவிடும். பிறகுதான் சொல் உறைக்கும். கானாவின் பழைய வித்தை அது. சென்னையின் உழைக்கும் மக்கள் சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து பாடிய மரண கானாவில் அழுகையும் கிண்டலும் ஒன்றாகவே வரும். மாட்டுக்கறி பற்றிய பாட்டு, இடஒதுக்கீட்டைப் பற்றிய ‘கோட்டா’ எல்லாவற்றிலும் அந்தக் குசும்பு இருக்கிறது. ஒப்பாரி வைத்து நம்மை அழவைக்க அவர்கள் வரவில்லை. ஆடவைத்துவிட்டு, ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேள்வி கேட்கிறார்கள்.

ஆடுவதோடு நின்றுவிடும் காதுகளை இந்தப் பாடல்களால் என்ன செய்ய முடியும் என்பதுதான் என் கவலை. சாவு வீட்டில் ஆடியதும் இதே கால்கள்தானே?

*

ரசனையும் அவமதிப்பும் ஒரே வீட்டில் குடியிருப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் 1970களில் ஓர் இசை கொடிகட்டிப் பறந்தது. ‘சதர்ன் ராக்’ என்று பெயர். தெற்கத்தி ராக் என்று சொல்லிக்கொள்ளலாம். அதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானது 1969இல் உருவான ‘தி ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்’. அவர்களுடைய 1971ஆம் ஆண்டு நேரலை ஆல்பத்தின் முதல் பாடல், பிளைண்ட் வில்லி மெக்டெல் என்ற கண் தெரியாத கறுப்பினப் பாடகர் 1928இல் பதிவு செய்தது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேய்மோ என்ற டிரம்மரும் கறுப்பினத்தவர். அந்த இசையின் ரத்தமே கறுப்பின அடிமைகளின் பேரப்பிள்ளைகள் பருத்திக் காட்டிலிருந்து எடுத்துவந்த ப்ளூஸ்தான்.

அதே இசைவகையின் இன்னொரு பெரிய குழு ‘லினர்ட் ஸ்கினர்ட்’. 1974இல் வந்த அவர்களுடைய ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு. தெற்கின் இனவெறியைக் கண்டித்து நீல் யங் எழுதிய பாடலுக்கு ஒரு பதிலாக அது வந்தது. மேடையில் அவர்களுக்குப் பின்னால் தொங்கியது, அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காக 1861 முதல் 1865 வரை போரிட்ட தெற்கத்திப் படையின் கொடி. கிதாரில் கறுப்பர்களின் இசை, பின்னால் கறுப்பர்களை விற்று வாங்கிய காலத்தின் கொடி. கேட்டவர்களுக்கு இது முரணாகவே தெரியவில்லை. 2012இல் அந்தக் கொடியைக் கைவிடப்போவதாகக் குழுவினர் சொன்னபோது ரசிகர்கள் கொதித்தார்கள். குழுவும் பின்வாங்கியது.

அந்தப் பாட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பின்னணியில் ஒலிக்கும் பெண் குரல்களில் இரண்டு, மெர்ரி கிளேட்டன், கிளைடி கிங் என்ற கறுப்பினப் பாடகிகளுடையவை. அலபாமா பற்றிய பாட்டு என்றதும் தனக்குப் பாடப் பிடிக்கவே இல்லை என்று கிளேட்டன் பின்னாளில் சொன்னார். அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1963இல் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றிருந்தார்கள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. இன்று அந்தப் பாட்டைக் கேட்டு ஆடுகிற லட்சக்கணக்கான பேர் அந்தக் குரலையும் சேர்த்துத்தான் நேசிக்கிறார்கள். குரலுக்குச் சொந்தக்காரி என்ன நினைத்துக்கொண்டு பாடினாள் என்பது அவர்களை எட்டவில்லை.

நாயகன் வில்லன் கதையாக இதைச் சொல்வது நியாயமில்லை. லினர்ட் ஸ்கினர்ட்டின் பாடகர் ரோனி வான் ஸான்ட், நீல் யங்கின் படம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு தங்கள் ஆல்பத்தின் அட்டையிலேயே நின்றவர். மனிதர்கள் சிக்கலானவர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பாட்டின் தலைப்பில் இருக்கும் ‘ஹோம்’. அது யாருடைய வீடு?

நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு நிகர் ‘ஊர்’. “ஊர் கூடித் தேர் இழுக்கணும்” என்கிறோம். எந்த ஊர் கூடி? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்று தனியாகக் குறிக்கின்றன. ஆயிரம் வருஷம் கழித்தும் ஊர் என்றால் ஓர் இடம், காலனி என்றால் இன்னோர் இடம். கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கோபுரத்தைப் பார்த்து வளர்கிற எல்லாருக்கும் நெஞ்சு நிமிரும். நிமிரட்டும். ஆனால் திருவிழா ஒலிபெருக்கியில் “ஆண்ட பரம்பரை” என்று ஒரு பாட்டு போடும்போது, அது யாருடைய நெஞ்சை நிமிர்த்துகிறது, யாரைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில், இதே மாவட்டத்தின் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பில் புகுந்து வீடுகளை உடைத்தார்கள். ஒரே தாளத்தைப் பகிர்ந்துகொள்வதால் மனிதர்கள் நெருங்கிவிடுவார்கள் என்பது உண்மையானால், எங்கள் மண்ணில் இப்படி ஒன்று நடந்திருக்கவே கூடாது.

*

அப்படியானால் ரசனைக்கு ஒரு மதிப்பும் இல்லையா? அவசரப்பட வேண்டாம். பறையின் கதையையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாக வைக்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, முல்லைக்கு ஒரு பறை. அப்போது அது நிலத்தின் அடையாளம். பிற்காலத்தில் அது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கட்டாய வேலையானது. சாவுச் செய்தி சொல்ல, பிணத்துக்கு முன்னால் அடிக்க, கூப்பிட்ட நேரத்துக்கு வர. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ஊர்களில் தலித் இளைஞர்கள் எழுந்து, “இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்” என்றார்கள். சில இடங்களில் பறையையே போட்டு எரித்தார்கள். மறுத்ததற்காக அடி வாங்கியவர்கள் உண்டு, வேலை இழந்தவர்கள் உண்டு.

அதே காலத்திலேயே எதிர்த்திசையில் போவது போல இன்னொன்றும் நடந்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். பிறகு மணிமாறனின் புத்தர் கலைக்குழு, மேடையிலும் பயிற்சி வகுப்பிலும் பறையை விடுதலைக் கருவியாகச் சொல்லிக்கொடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு கூட்டம் “அடிக்க மாட்டோம்” என்கிறது, இன்னொரு கூட்டம் “அடிப்போம்” என்கிறது. இதில் யார் சரி?

இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தோல் அதே தோல், குச்சி அதே குச்சி, அடியும் அதே அடி. எப்போது அடிப்பது, எதற்காக அடிப்பது, யாருக்காக நிறுத்துவது என்பதை முடிவு செய்கிறவர் மாறியிருக்கிறார். மறுக்க முடிந்தவரின் இசைதான் அவர் தருகிற இசை. மறுக்க முடியாதவரிடமிருந்து வருவது பிடுங்கிக்கொண்டது. அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், கேட்கிறவர் எவ்வளவு உருகினாலும் பிடுங்கியது பிடுங்கியதுதான்.

ரசனை எங்கே மரியாதையாக மாறுகிறது என்பதற்கு இங்கே ஓர் உரைகல் கிடைக்கிறது. இசைக்கிறவர் “முடியாது” என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? எனக்குப் பிடிக்காத ஒன்றைப் பாடினால் என்ன செய்வேன்? தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வேன்? பாட்டு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதற்கு இந்தக் கேள்விகளில் வேலையே இல்லை.

*

காஸ்ட்லெஸ் கலெக்டிவின் கதையில் இந்த உரைகல்லை உரசிப் பார்க்க வசதியாக மூன்று இடங்கள் உண்டு.

முதல் இடம் ‘கோட்டா’. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதாவை எல்லாருக்கும் தெரியும். மூட்டை தூக்குகிற அப்பாவின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவர் இறந்தார். அதற்கு நான்கு மாதம் கழித்து மேடையேறிய குழு, இடஒதுக்கீட்டை ஒரு துள்ளல் பாட்டாகப் பாடியபோது, எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது செய்தித்தாள் விவாதமாகக் கேட்டிருக்க முடியாது. கல்லூரி விழாவில் ‘வட சென்னை’க்கு ஆடுகிறவன், ‘கோட்டா’ வந்ததும் “பாட்டெல்லாம் ஓகே மச்சான், ஆனா இந்த ரிசர்வேஷன் மேட்டர் மட்டும்…” என்று இழுத்தால், அவன் எதை ரசித்துக்கொண்டிருந்தான்? அவனுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம், விவாதிக்கலாம். “மேட்டரை விட்டுட்டு மேளத்தை மட்டும் அடி” என்று கேட்பது விவாதமாகாது. அது பழைய சாவு வீட்டு உத்தரவு.

இரண்டாவது இடம் இசைவாணி. முதல் மேடையில் 19 பேரில் அவர் ஒருவர்தான் பெண். ஆண்களின் கோட்டையான கானாவில் பாடிப் பெயர் வாங்கியவர். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். கோயில் நுழைவு உரிமையைக் கேட்டு அவர் பாடிய ‘ஐயாம் சாரி ஐயப்பா’, வந்து சில வருஷங்கள் கழித்து 2024 நவம்பரில் திடீரென்று சர்ச்சையானது. காவல் துறையில் புகார்கள் போயின, அவருக்கு மிரட்டல்கள் வந்தன. மாலை போட்டு மலைக்குப் போகிற ஒருவருக்கு அந்தப் பாட்டு வருத்தம் தந்திருக்கலாம். அந்த வருத்தத்தைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. எனக்குத் தெரிந்த பக்தர்களில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள், பண்பாகச் சொன்னார்கள். ஆனால் “பாட வந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்ற குரல் வேறு. பாடலாம், கேள்வி கேட்கக் கூடாது என்கிற குரல் அது. பாடகிக்குக் குரல் மட்டும் இருக்க வேண்டும், கருத்து இருக்கக் கூடாது என்றால் அவரைக் கருவியாகத்தான் பார்க்கிறோம்.

மூன்றாவது இடம் பெயர். இந்தக் குழுவிலிருந்து வெளியே தெரிந்தவர்களில் ஒருவர் அறிவு. 2019இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற ஆல்பம் கொண்டுவந்தார். 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதைகளிலிருந்து அறிவு எழுதிய சொற்கள். உலகமே ஆடியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். அடுத்த வருஷம் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமல் அரங்கேறியபோது சர்ச்சை மறுபடியும் எழுந்தது. அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றிச் சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் விளக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தீர்ப்பு சொல்ல நான் யாரும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்தது, அப்போது ரசிகர்கள் பலர் சொன்ன ஒரு வாக்கியம்: “பாட்டு நல்லாருக்கு, யார் எழுதினா என்ன?” மேலே இருக்கிறவரின் பாட்டாக இருந்தால் இந்தக் கேள்வி வராது. இளையராஜா பாட்டு, வைரமுத்து வரி என்று பெயரோடுதான் பேசுவோம். பெயர் முக்கியமில்லை என்ற தத்துவம் எப்போதும் பெயர் கிடைக்காதவர் விஷயத்தில் மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

*

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். “அப்போ நாங்க ஆடவே கூடாதா? குற்ற உணர்ச்சியோட கையைக் கட்டிட்டுக் கேக்கணுமா?”

இல்லை. அந்த மாதிரிக் கேட்பதும் ஒரு வகையில் அவமதிப்புதான். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கொண்டாட்டத்தோடு மேடைக்கு வந்த குழு. அவர்களுடைய நையாண்டியைக் கேட்டுச் சிரிக்காமல், தாளத்துக்கு ஆடாமல், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றால், நாம் அவர்களைக் கலைஞர்களாகப் பார்க்கவில்லை, காயமாகப் பார்க்கிறோம் என்று அர்த்தம். கிதார் எங்கே நன்றாக இருக்கிறது, எந்தப் பாட்டு சுமார், எந்த வரி பிரச்சாரமாக வழுக்கிவிட்டது என்று பேசவும் வேண்டும். மற்ற எந்தக் குழுவைப் பற்றியும் அப்படித்தானே பேசுகிறோம். விமர்சனமும் மரியாதையில் சேர்த்திதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. “எந்தப் பாட்டையும் இவ்வளவு ஆராய்ஞ்சுதான் கேக்கணும்னா, இசை எதுக்கு?” இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அலுத்துச் சலித்து வீட்டுக்கு வருகிறவர் ஒரு பாட்டைப் போட்டுக் கண்ணை மூடுவதில் எந்தத் தப்பும் கிடையாது. நான் சொல்ல வருவது சின்ன விஷயம். அந்தப் பாட்டு நமக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், அதை வைத்து நம் மனசின் நேர்மைக்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளக் கூடாது. “நான் பறை கேட்பேன், கானா கேட்பேன், எனக்குச் சாதி பார்க்கத் தெரியாது” என்பது வாதமாகாது. நம் பாட்டன்களும் பறை கேட்டார்கள்.

இசையால் மாற்றம் வரும் என்று நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மாற்றம் வருகிறது, ஆனால் காது வழியாக மட்டும் வருவதில்லை என்றுதான் சொல்கிறேன். மேடையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். தங்கள் சொல்லைத் தாங்களே எழுதினார்கள், தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போக மாட்டோம் என்கிற உரிமையையும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது கேட்கிறவர்களின் பங்கு. அதுவும் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பிடித்த பாட்டு முடிந்ததும் அதே குரலில் அடுத்த பாட்டு வரும். அது நம்மைப் பற்றியதாக இருக்கலாம், நம் வீட்டைப் பற்றியதாக இருக்கலாம், நாம் பிறந்த தெருவைப் பற்றியதாக இருக்கலாம். விரல் தானாக ‘ஸ்கிப்’ பொத்தானுக்குப் போகும். அதை அழுத்தாமல், அந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்க வேண்டும். பிறகு எழுதியவர் பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.